பெரணி இலையின் அடியில் உள்ள பழுப்புக் கோடுகள்: ஸ்போரைச் "சின்ன விதை" என்று பிள்ளைக்குச் சொல்லலாமா?

தாழ்வாரத் தொட்டி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் அங் மோ கியோவில் எங்கள் வீட்டு வாசலில், தாழ்வாரச் சுவரை ஒட்டி, ஆறு ஆண்டுகளாக ஒரு பறவைக்கூட்டுப் பெரணியைத் தொட்டியில் வளர்த்து வருகிறேன். சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களின் கவைகளில் பெரிய பச்சைக் கூடைபோல் உட்கார்ந்திருக்குமே, அதே செடிதான். சென்ற மாதம் அதன் நீண்ட இலைகள் மூன்றின் அடிப்பக்கத்தில், நடுநரம்பிலிருந்து விளிம்பை நோக்கிச் சாய்வாக, சீப்பின் பற்களைப் போல நெருக்கமான பழுப்புக் கோடுகள் தோன்றின. செதில்பூச்சி பிடித்துவிட்டது என்று எண்ணி, ஒரு பழைய பல் பிரஷை எடுத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்து, மூன்று இலைகளையும் சுத்தமாகத் தேய்த்துவிட்டேன். பிரஷிலும் என் விரல்களிலும் காப்பிப் பொடியைப் போன்ற தூள் ஒட்டிக்கொண்டது.

தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் மகள் பள்ளியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "அம்மா, அது பூச்சி இல்லை, ஸ்போர்" என்றாள். எனக்கு மிகவும் வருத்தமாகிவிட்டது. அன்றிரவு அவளுக்குத் தமிழில் விளக்கலாம் என்று உட்கார்ந்து, "ஸ்போர் என்றால் வித்து, அதாவது கண்ணுக்குத் தெரியாத சின்ன விதை" என்று சொன்னேன். அவள் அதையே ஆங்கிலத்தில் மாற்றிப் பயிற்சித்தாளில் எழுத, ஆசிரியர் அதைச் சுழித்துத் தவறு என்று குறித்துவிட்டார். ஏன் தவறு என்று மகள் என்னைக் கேட்கிறாள். எனக்கும் தெரியவில்லை. முளைத்துச் செடியாகும் ஒன்றை விதை என்று சொன்னால் என்ன பிழை? வாழைக்கும்தான் விதை இல்லை. அப்படியானால் வாழையும் பெரணியும் ஒரே வகுப்பா? உடன் இருக்கும் என் மாமியார், "கிணற்றுச் சுவரில் படரும் பாசிக்கு விதை ஏது, அது தானாக வரும்" என்கிறார். தெரிந்தவர்கள் நிதானமாக விளக்கினால், மகளுக்கும் மாமியாருக்கும் சேர்த்தே படித்துக் காட்டுவேன்.

முன்னாள் உயிரியல் ஆசிரியர் (பதில்)

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். நீங்கள் தேய்த்ததால் செடிக்கு எந்தக் கேடும் இல்லை; புதிய இலைகள் முதிரும்போது கோடுகள் மீண்டும் தோன்றும், கவலை வேண்டாம்.

உங்களை இடறச் செய்தது "வித்து" என்ற சொல்தான். தமிழில் அறிவியல் எழுதியவர்களுள் பலர் ஸ்போருக்கு வித்து என்றே பெயரிட்டார்கள். ஆனால் நம் வழக்கில் வித்து என்றால் விதைதான். எள்ளையும் நிலக்கடலையையும் எண்ணெய் வித்துகள் என்கிறோம், ஒன்றைத் தொடங்கி வைத்தவரை வித்திட்டவர் என்கிறோம். இரண்டு வெவ்வேறு பொருள்களை ஒரே சொல் சுமக்கும்போது, சொல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றுதான் என்ற எண்ணம் பிள்ளையின் மனத்தில் தங்கிவிடுகிறது. பள்ளியில் ஆங்கிலத்தில் படித்து, வீட்டில் தமிழில் பேசும் நம் பிள்ளைகளிடம் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். எனவே நான் ஸ்போர் என்றே எழுதுகிறேன்.

இன்றிரவு ஒரு கைப்பிடிக் கொண்டைக்கடலையை ஊறவையுங்கள். காலையில் ஒன்றை எடுத்துத் தோலை உரித்து, இரண்டு பருப்புகளையும் நகத்தால் மெல்லப் பிரித்தால், கூரான முனைக்கு அருகில் வெண்ணிறத்தில் ஒரு சிறிய முளை படுத்திருப்பதை மகள் காண்பாள். அதன் ஒரு முனை வேராகப் போகிறது, மறுமுனை தண்டாகப் போகிறது. இரண்டு பருப்புகளும் அது மண்ணைவிட்டு வெளிவரும்வரை உண்பதற்கான உணவு. ஆணணுவும் கருமுட்டையும் முன்பே கூடி, கரு உருவாகி, அந்தக் கரு தோலுக்குள் உறங்கிக் கிடப்பதைத்தான் விதை என்கிறோம். நாம் விதைக்கும்போது இனப்பெருக்கத்தின் பெரும்பகுதி முடிந்துவிட்டிருக்கிறது.

ஸ்போருக்குள் இவற்றில் ஒன்றுமே இல்லை. அது ஒற்றைச் செல். கரு இல்லை, ஆணும் பெண்ணும் இன்னும் சந்திக்கவே இல்லை. பெரணி இலையின் ஒவ்வொரு செல்லிலும் மரபுப் பண்புகளைச் சுமக்கும் குரோமோசோம்கள் இரண்டு தொகுதிகளாக இருக்க, ஸ்போரில் ஒரு தொகுதி மட்டுமே இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 20 முதல் 30 ஸ்போர்களை வரிசையாக வைக்கலாம் என்னும் அளவுக்கு அது சிறியது.

நீங்கள் தேய்த்தெடுத்த பழுப்புக் கோட்டை ஒரு கைலென்சின் வழியே பார்த்திருந்தால், மெல்லிய சவ்வு ஒன்றின் அடியில், காம்புள்ள மிகச் சிறிய உருண்டைகள் நூற்றுக்கணக்கில் நெருக்கியடித்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். ஒவ்வோர் உருண்டையும் ஒரு ஸ்போர்ப் பை. பெரும்பாலான பெரணிகளில் ஒவ்வொரு பைக்குள்ளும் 16 தாய்ச்செல்கள் உருவாகி, ஒவ்வொன்றும் குரோமோசோம் தொகுதிகளைப் பாதியாக்கும் குன்றல் பிரிவால் நான்காகி, மொத்தம் 64 ஸ்போர்கள் கிடைக்கின்றன. பையின் முதுகில், சேவலின் கொண்டையைப் போல, தடித்த சுவருடைய செல்கள் ஒரு வரிசையாக நிற்கும். இந்தச் செல்களின் வெளிச்சுவர் மட்டும் மெல்லியது. மழை விட்டு, காற்று உலரும் பிற்பகலில், அந்தச் செல்களிலுள்ள நீர் ஆவியாகக் குறையும்போது மெல்லிய சுவர் உள்நோக்கி இழுபடுகிறது. வரிசை முழுவதும் பின்பக்கமாக வளைகிறது. அந்த இழுப்பில் பை கிழிந்து வாய் பிளக்கிறது. இழுவிசை தாங்க முடியாத அளவை எட்டியதும், செல்லுக்குள் மீதியிருக்கும் நீர்த்தாரை அறுந்து குமிழி தோன்ற, வளைந்து நின்ற வரிசை கவண் விடுபட்டதைப் போல முன்னே பாய்ந்து, ஸ்போர்களைக் காற்றில் வீசியெறிகிறது. தசையோ நரம்போ இல்லாத ஒரு செடி, நீர் உலர்வதை மட்டுமே விசையாகக் கொண்டு இதைச் செய்கிறது என்பதை நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு வியப்புக் குறைவதில்லை.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். விதையிலிருந்து அவரைச்செடி முளைப்பதைப் போல, ஸ்போரிலிருந்து பெரணி முளைப்பதில்லை. ஈரமான இடத்தில் விழுந்த ஸ்போர் வேறொரு செடியாக வளர்கிறது. அது மகளின் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. இதய வடிவத்தில், பெரும்பகுதி ஒரே செல் தடிப்பில், தரையோடு ஒட்டிக் கிடக்கும் பச்சைத் தகடு. அதற்கு வேரும் இல்லை, தண்டும் இல்லை, இலையும் இல்லை. அடியில் வேரைப் போல் பற்றிக்கொள்ளும் மெல்லிய இழைகளான வேரிகள் மட்டுமே உண்டு. ஆயினும் அது தன் உணவைத் தானே ஒளிச்சேர்க்கையால் தயாரித்துக்கொண்டு தனித்து வாழ்கிறது. முன்னுடலம் என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். இதன் அடிப்பக்கத்தில், வேரிகளின் நடுவே ஆணணுக்களைத் தரும் உறுப்புகளும், இதயத்தின் பள்ளத்துக்கு அருகே கழுத்து நீண்ட கூஜாவைப் போன்ற பெண் உறுப்புகளும் தோன்றுகின்றன. தரையில் நீர்ப்படலம் பரவும்போது ஆண் உறுப்பு வெடித்து, திருகாணிபோல் சுருண்ட ஆணணுக்கள் சாட்டை போன்ற பல கசையிழைகளை அடித்துக்கொண்டு நீந்திச் செல்கின்றன. பல பெரணிகளில் அவற்றுக்கு வழிகாட்டுவது மாலிக் அமிலம், அதாவது ஆப்பிளுக்குப் புளிப்பைத் தரும் அதே பொருள், என்பதை ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் ஃபெஃபர் 1884இல் வெளியிட்டார். நீந்திச் சென்ற ஆணணு கருமுட்டையோடு கூடிய பிறகுதான் கரு உருவாகிறது. அந்தக் கருவே நாம் பெரணி என்று அழைக்கும் செடியாக எழுகிறது. எழுந்து வேர் விட்டதும், அதைப் பெற்ற இதயத் தகடு வாடி மறைந்துவிடுகிறது.

ஆக, ஒரு பெரணிக்கும் அடுத்த பெரணிக்கும் நடுவில், நாம் பார்த்தும் பாராமல் மிதித்துப் போகும் இன்னொரு தலைமுறை முழுமையாக வாழ்ந்து முடிகிறது. ஸ்போரைச் சின்ன விதை என்று சொன்னால் அந்தத் தலைமுறையே கதையிலிருந்து காணாமல் போய்விடுகிறது. ஆசிரியர் குறித்த பிழை இதுதான்; ஒரு வரி விளக்கமும் சேர்த்து எழுதியிருந்தால் பிள்ளைக்கு உதவியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தப் பிழையைச் செய்தவர்கள் நீங்கள் மட்டுமல்லர். பெரணிக்குப் பூவும் விதையும் தென்படாததால், அதன் விதை கண்ணுக்குத் தெரியாதது, அதை வைத்திருப்பவரும் பிறர் கண்ணுக்குத் தெரியமாட்டார் என்று ஐரோப்பியர்கள் பல நூற்றாண்டுகள் நம்பினார்கள். இரு தலைமுறைகளும் மாறி மாறி வருவதை 1851இல் பாசி, பெரணி, ஊசியிலை மரம் ஆகியவற்றுக்குப் பொதுவான ஒரே ஒழுங்காக நிறுவியவர் வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர். லைப்சிக் நகரில் தந்தையின் இசைநூல் வணிகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, பல்கலைக்கழகம் சென்று படிக்காமல், கடுமையான கிட்டப்பார்வையோடு நுண்ணோக்கியின் முன் அமர்ந்து தாமே கற்று, முப்பது வயது நிரம்பும் முன்பே இதைச் செய்தார்.

கீரைப்பிரியை (பதில்)

வாழையைப் பற்றி நான் சொல்கிறேன். வாழை பூக்கும் தாவரம். வாழைப்பூவைச் சமைப்பவர்களுக்கு இதில் ஐயமே வராது. இந்த வட்டாரத்துக் காடுகளில் வளரும் காட்டுவாழைப் பழத்தைப் பிளந்தால், மிளகைப் போன்ற கடினமான கருப்பு விதைகள் நிறைய இருக்கும். நாம் உண்ணும் வாழைகளில் பெரும்பாலானவற்றுக்குக் குரோமோசோம்கள் மூன்று தொகுதிகள் என்பதால் விதை உருவாக முடிவதில்லை. கருவுறாமலே காய் பருக்கும் இயல்பு உள்ள மரங்களை மக்கள் தேர்ந்து, பக்கக்கன்றைப் பிரித்து நட்டு வளர்த்தார்கள். பழத்தின் நடுவே தெரியும் கரும்புள்ளிகள், விதையாக வேண்டியிருந்து வளராமல் நின்றுபோன சூல்கள். வாழையடி வாழை என்று நாம் வாழ்த்துவதே இந்தக் கன்றுவழிப் பெருக்கத்தை வைத்துத்தான். வாழை விதையை இழந்த செடி. பெரணியின் முன்னோர்களிடம் விதை என்ற ஒன்று ஒருபோதும் இருந்ததில்லை.

இன்னொன்றையும் உங்கள் மாமியாரிடம் கேளுங்கள். ஊரில் வயல் வரப்பிலும் குளக்கரையிலும் நான்கு சிற்றிலைகளோடு நிற்கும் ஆரைக்கீரையைப் பறித்துச் சமைத்திருப்பாரா? என் பாட்டி அதைப் பாசிப்பருப்போடு கடைவார். அந்த ஆரைக்கீரை ஒரு பெரணி! இளம் இலை சுருண்டு தோன்றி விரிவதைப் பார்த்தால் உறவு புரியும். காம்பின் அடியில் மொச்சைக்கொட்டையைப் போல் கெட்டியாக ஒன்று காய்த்திருக்கும். நாங்கள் சிறுவயதில் அதைக் காய் என்றே நினைத்தோம். அது காயும் இல்லை, விதையும் இல்லை. உள்ளே ஸ்போர்ப் பைகளை வைத்து மூடிய பெட்டி. குளம் வற்றி வெடித்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, தண்ணீர் வந்ததும் பிளந்து, வழவழப்பான ஒரு வடத்தில் பைகளை வெளியே தள்ளும்.

தாழ்வாரத் தொட்டி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கொண்டைக்கடலையைப் பிளந்து பார்த்தோம். மகள் அந்த முளையைத் தனியே எடுத்து ஒரு தட்டில் வைத்திருக்கிறாள். ஆரைக்கீரை பெரணி என்பதை மாமியார் முதலில் நம்பவில்லை. காம்படியில் உள்ள கெட்டிக்காயைச் சொன்னதும், "ஆமாம், ஆய்ந்து எறிவோம்" என்றார்.

ஆனால் இப்போது புதிய ஐயம் வந்திருக்கிறது. ஆணணு நீந்துவதற்குத் தண்ணீர் வேண்டும் என்றால், மண்ணே இல்லாமல், சாலையோர மரத்தில் இருபது முப்பது அடி உயரத்தில் பறவைக்கூட்டுப் பெரணி எப்படிப் பிறக்கிறது? பாசிக்கும் இதே இதயத் தகடு உண்டா?

மழைக்காட்டு நடையர் (பதில்)

வணக்கம். புக்கிட் தீமா, மெக்ரிட்சி காடுகளில் வாரந்தோறும் நடப்பவன் என்ற முறையில், மரத்தின் மேலுள்ள பெரணியைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

தூங்குமூஞ்சி மரத்தின் பட்டை கரடுமுரடானது. ஆழமான வெடிப்புகள் கொண்டது. அந்த வெடிப்புகளில் தூசியும் மக்கிய இலைத்துகளும் தங்கி, பாசி படர்ந்து, பஞ்சைப் போல் நீரைப் பிடித்து வைக்கின்றன. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. ஓர் ஆணணு கடக்க வேண்டியது ஒரு சில மில்லிமீட்டர் தொலைவுதான். ஒரு நல்ல மழைக்குப் பிறகு பாசிமெத்தையில் நிற்கும் நீர்ப்படலம் அதற்குப் போதும். ஆகவே அது மரத்தின் மேல் பிறப்பது மழையின் தயவில் மட்டும் அன்று, பாசியின் தயவிலும்தான். வளர்ந்த பிறகு தன் இலைக்கூடையில் விழும் சருகுகளைப் பிடித்து மக்கச் செய்து, தனக்கு வேண்டிய மண்ணைத் தானே சேர்த்துக்கொள்கிறது. மரத்தின் சாற்றை அது உறிஞ்சுவதில்லை. ஒட்டுண்ணி என்று சிலர் சொல்வது தவறு. போர்னியோவில், சபாவின் டானும் பள்ளத்தாக்கில், இந்தப் பெரணிக்கூடைகளுக்குள் வாழும் பூச்சி முதலிய சிற்றுயிர்களை எடைபோட்டுப் பார்த்த ஆய்வு 2004இல் வெளியானது. பெரணிகளையும் கணக்கில் சேர்த்ததும், மர உச்சிகள் சேர்ந்த காட்டு மேற்கவிகையில் வாழும் முதுகெலும்பற்ற உயிர்களின் மொத்த எடைபற்றிய மதிப்பீடு ஏறத்தாழ இரு மடங்காயிற்று. அடுத்த முறை சாலையில் நடக்கும்போது தலைக்கு மேலே ஒரு கூடையைப் பார்த்தால், அது ஒரு சிற்றூர் என்று மகளிடம் சொல்லுங்கள்.

ஸ்போர் சிறியதாகவும் கட்டுச்சோறு இல்லாமலும் இருப்பதைக் குறையாக மட்டும் எண்ண வேண்டாம். 1883இல் கிரக்கட்டோவா எரிமலை வெடித்துத் தீவே சாம்பல் மூடிப் போனது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1886இல், தாவரவியலாளர் மெல்கியோர் டிரோய்ப் அங்கே இறங்கியபோது, அந்தச் சாம்பல் நிலத்தில் 11 வகைப் பெரணிகள் வளர்ந்திருந்தன. கடலைக் கடந்து காற்றோடு வரும் திறன் ஸ்போருக்கு உண்டு; அதோடு, ஒரே இதயத் தகட்டில் இரு பால் உறுப்புகளும் இருப்பதால், துணை கிடைக்காத இடத்தில் ஒற்றை ஸ்போரே ஒரு குடியைத் தொடங்கிவிட முடியும். எனினும் தன்னோடு தானே கூடினால் பிள்ளைகளிடையே வேறுபாடு இராது. அதற்கும் சில பெரணிகளில் ஓர் ஏற்பாடு இருக்கிறது: முந்தி முதிர்ந்த தகடு ஒரு வேதிப்பொருளை நீரில் கசியவிட, பக்கத்தில் பிந்தி முளைத்த தகடுகள் ஆண் உறுப்புகளை மட்டுமே உருவாக்குகின்றன.

பாசியில் நிலைமை தலைகீழ். மாமியாரின் கிணற்றுச் சுவரில் பச்சைக் கம்பளமாகத் தெரிவதே ஒரு தொகுதிக் குரோமோசோம் உள்ள தலைமுறைதான். பெரணியில் இதயத் தகடாக ஒளிந்திருந்தது, பாசியில் நாம் காணும் செடியாகவே நிற்கிறது. அதில் கருவுற்ற பிறகு, தாயின் உச்சியிலிருந்து நூலிழை போன்ற ஒரு காம்பும், அதன் நுனியில் கடுகைவிடச் சிறிய குடுவையும் எழும். இரு தொகுதிகள் உள்ள தலைமுறை அது. வாழ்நாள் முழுவதும் தாயின்மேல் நின்று, தாயிடமே நீரும் உணவும் பெற்று, ஸ்போர்களைச் சிதறவிட்டு உலர்ந்துவிடும். மழைக்கால முடிவில் கால்வாய்ச் சுவரை நெருங்கிப் பார்த்தால் இந்தக் குடுவைகள் குண்டூசித் தலைகளைப் போல வரிசையாக நிற்பதைக் காணலாம். பல வகைகளில் குடுவையின் வாயைச் சுற்றி நுண்ணிய பற்கள் உள்ளன. காற்றின் ஈரத்துக்கு ஏற்ப அவை மடங்கியும் விரிந்தும் ஸ்போர்களைச் சிறிது சிறிதாக வெளியே விடுகின்றன.

"அது தானாக வரும்" என்று பெரியவர் சொன்னதில் ஒரு நியாயமும் இருக்கிறது. பாசியின் ஒரு துண்டு ஒடிந்து விழுந்தாலே புதிய பாசியாக வளர முடியும். பாசிக்கு உறவான ஈரலுருச் செடிகள் (லிவர்வொர்ட்) சிலவற்றில் மேற்பரப்பில் சிறு கிண்ணங்களும், அவற்றுள் பச்சைப் பொட்டுகளும் இருக்கும். மழைத்துளி கிண்ணத்தில் விழுந்து தெறிக்கும்போது பொட்டுகள் தெறித்துப் போய், விழுந்த இடத்தில் தாயின் நேர் நகலாக வளரும். ஆனால் ஒரு சொல்லில் மட்டும் கவனம் வேண்டும்: சுவர்ப் பாசி, குளத்துப் பாசி, மீன்தொட்டியின் கண்ணாடியில் படியும் வழுக்கல் ஆகிய எல்லாவற்றையும் நாம் பாசி என்றே சொல்கிறோம். குளத்தில் மிதக்கும் பாசி பெரும்பாலும் அல்கா. சுவர்ப் பாசியோடு அதற்கு நெருங்கிய உறவு இல்லை.

பாசியின் ஆணணுவும் நீந்தித்தான் போக வேண்டும். எனினும் ஆண் செடியும் பெண் செடியும் சற்றுத் தள்ளியிருந்தால் துணை செய்ய ஆள் உண்டு. மண்ணில் வாழும் வால்குதிப் பூச்சிகளும் சிற்றுண்ணிகளும் ஆணணுக்களைச் சுமந்து சென்று கருவுறச் செய்கின்றன என்று சுவீடனில் நடந்த ஓர் ஆய்வு 2006இல் காட்டியது. தேனீக்களும் பூக்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு இது எளிய முன்னோடியைப் போல இருக்கிறது.

முன்னாள் உயிரியல் ஆசிரியர்

நடையர் எழுதியதோடு ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மகள் கூர்மையான பிள்ளை. "அப்படியானால் பூக்கும் செடியில் ஸ்போர் எங்கே போயிற்று" என்று அவள் நிச்சயம் கேட்பாள்.

அது போகவில்லை. ஆரைக்கீரையிலும், நம் காட்டு நிழலில் நீலம் மின்னப் படர்ந்திருக்கும், ஸ்போரால் பெருகும் செலாஜினெல்லா என்ற செடியிலும், ஸ்போர்கள் இரண்டு அளவுகளில் உருவாகின்றன. பெரியதிலிருந்து பெண் தலைமுறையும் சிறியதிலிருந்து ஆண் தலைமுறையும் வளர்கின்றன. விதைத்தாவரங்களின் முன்னோர்களிடத்தில் பெரிய ஸ்போர் வெளியே சிந்தப்படாமல் தாய்ச்செடியிலேயே தங்கிவிட்டது. பெண் தலைமுறை அங்கேயே, ஓர் உறைக்குள், சில செல்களாகச் சுருங்கி வாழ்ந்து முடிந்தது. கருவுற்ற பிறகு அந்த உறையோடு சேர்ந்த முழுமையைத்தான் விதை என்கிறோம். இது 35 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே தொடங்கிய மாற்றம். சிறிய ஸ்போர் மட்டும் இன்றும் வெளியே பயணம் போகிறது. செம்பருத்திப் பூவின் நடுத்தண்டைத் தொட்டால் விரலில் ஒட்டும் மஞ்சள் தூள் இருக்கிறதே, அந்த மகரந்தம்தான் பெரணியின் பழுப்புத் தூளுக்கு உண்மையான உறவு. எனவே பிள்ளைக்கு ஓர் ஒப்புமை தேவைப்பட்டால், விதையைக் காட்டாமல் மகரந்தத்தைக் காட்டுங்கள். முழுப் பொருத்தம் இல்லாவிட்டாலும், அவளைத் தவறான திசையில் அனுப்பாது.

பெரணி வளர்ப்பவன் (பதில்)

அக்கா, படிப்பதைவிடப் பார்ப்பது நல்லது. இதயத் தகட்டை உங்கள் வீட்டிலேயே வளர்க்கலாம். நான் மூன்று முறை செய்திருக்கிறேன், முதல் முறை பூஞ்சணம் பிடித்துக் கெட்டுப்போனது.

பூங்காவிலும் காட்டிலும் இலை பறிப்பது சட்டப்படி குற்றம். உங்கள் தொட்டிச் செடியில் அடுத்த கோடுகள் வரும்வரை காத்திருங்கள். கோடு பச்சையாக இருந்தால் ஸ்போர் முதிரவில்லை. நல்ல பழுப்பாகும்போது ஒரு விரல் நீளத் துண்டை வெட்டி, கோடுகள் கீழே இருக்கும்படி வெள்ளைத்தாளில் வைத்து, தாளை உறைபோல மடித்து, மின்விசிறிக் காற்றுப் படாத இடத்தில் இரண்டு நாள் விட்டுவிடுங்கள். பிரித்துப் பார்த்தால் இலையின் கோடுகள் தாளில் தூளாக அச்சாகியிருக்கும். தாளை மெல்லச் சாய்த்துத் தட்டினால் வெடித்த பைகளின் சக்கை உருண்டு போய்விடும். தாளோடு ஒட்டி நிற்கும் மாவு போன்றதே ஸ்போர்.

மூடியுள்ள தெளிவான பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் இரண்டு விரல்கடை உயரத்துக்குத் தேங்காய் நார்த்தூளை நிரப்பி, அதன்மேல் கொதிக்கும் நீரை ஊற்றி, அதிகப்படி நீரை வடித்து, மூடி ஆறவிடுங்கள். என் முதல் முயற்சி கெட்டது இந்த ஒரு படியைத் தவிர்த்ததால்தான். ஆறியதும் தாளை மேலே பிடித்து ஒரே தட்டாகத் தட்டுங்கள். அடர்த்தியாகத் தூவினால் தகடுகள் ஒன்றையொன்று நெருக்கி, இதய வடிவம் தெரியாது. மண் போட்டு மூட வேண்டாம், ஸ்போருக்கு வெளிச்சம் வேண்டும். ஆனால் நேர்வெயில் பட்டால் டப்பாவுக்குள் வெந்துவிடும். மூடிய டப்பா என்பதால் கொசு முட்டையிடும் அச்சமும் இல்லை. பச்சைப் படலம் தெரிந்து, தகடுகள் நன்றாக விரிந்த பிறகு, வாரம் ஒருமுறை கொதித்து ஆறிய நீரை மேலே மென்மையாகத் தெளியுங்கள். அந்தத் தெளிப்பு இல்லாமல் ஆணணு நீந்தாது. தகடுகள் மாதக்கணக்கில் தகடுகளாகவே இருக்கும்.

தாழ்வாரத் தொட்டி

நான்கு மாதங்களுக்குப் பிறகு எழுதுகிறேன், தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். செடியில் புதிய கோடுகள் பழுப்பாவதற்கே ஐந்து வாரம் ஆயிற்று. தாளில் அச்சு விழுந்ததைப் பார்த்து, அதைத் தட்டாமல் அப்படியே சட்டம் போடலாம் என்றாள் மகள். பாதியைத் தட்டி, பாதியைப் புத்தகத்தில் வைத்திருக்கிறாள்.

தூவிய மூன்றாம் வாரம் நார்த்தூளின்மேல் பச்சை மாவைப் போல் ஏதோ தெரிந்தது. மாமியார், "பாசி பிடித்துவிட்டது, கொட்டிவிடு" என்றார். எனக்கும் அந்த எண்ணம் வந்தது. பல் பிரஷை நினைத்துக்கொண்டு விட்டுவைத்தேன். ஒன்பதாம் வாரத்தில் மகள் லென்சை வைத்துப் பார்த்து, இதயங்களை எண்ணத் தொடங்கினாள். ஒரு மூலையில் மட்டும் 31. இளநீர் வழுக்கையைப் போல் மெல்லியவை, விளக்கை நோக்கிப் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவுகிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறு காலையும் நீர் தெளிப்பது மாமியாரின் வேலை என்றாகிவிட்டது.

நேற்று அவர்தான் முதலில் கண்டார். ஓர் இதயத்தின் பள்ளத்திலிருந்து, நெல்மணி அளவுகூட இல்லாத ஓர் இலை, காம்போடு நிமிர்ந்து நிற்கிறது. மகள் அதைப் படம் வரைந்து, அருகில் இரண்டு பெயர்களை எழுதியிருக்கிறாள்: கீழே கிடக்கும் தகட்டுக்கு "அம்மா", மேலே நிற்கும் இலைக்குப் "பெரணி". ஓரத்தில் நீந்தி வந்த ஆணணுவையும் வரைந்து, திருகாணியின் சுற்று எத்தனை என்று ஆசிரியர் ஐயாவிடம் கேட்கச் சொல்கிறாள்.